உறுதி இல்லாத காணி, உறுதி இல்லாத குதம்

2025 செப்டெம்பரில் திருகோணமலை மாவட்டச் செயலகத்துக்கு முன்னால், ஊர்ச்சனம் இன்றும் கச்சேரி என்றே சொல்லும் அந்தக் கட்டடத்தின் வாசலில், முத்துநகர் விவசாயிகள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கினார்கள். சீனன்குடாவை அண்டிய அவர்களுடைய வயல்நிலம் துறைமுக அதிகார சபைக்குச் சொந்தமானது என்று சொல்லப்பட்டு, சூரிய மின் உற்பத்திக்காகத் தனியார் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டிருந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். எழுபதுகளிலிருந்து இங்கே விதைத்து அறுத்து வருகிறோம் என்கிறார்கள். அவர்களிடம் காணி உறுதி இல்லை. அவர்களை வெளியேற்றச் சொல்லப்படும் நியாயம் முழுவதும் அந்த ஒன்றில்தான் நிற்கிறது.

அதே சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. 2003 பெப்ரவரி 7ஆம் திகதி செய்துகொள்ளப்பட்ட ஓர் உடன்பாட்டின்படி லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் அவற்றை 35 ஆண்டுகளுக்குப் பெற்றது. ஆறு மாதத்துக்குள் முறையான குத்தகைப் பத்திரம் எழுதப்பட வேண்டும் என்பது அந்த உடன்பாட்டிலேயே உள்ள நிபந்தனை. பத்திரம் எழுதப்படவே இல்லை. நிறுவனம் வாடகையைக் கட்டியபடி ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அங்கே தொழில் நடத்தியது. அதை எழும்பிப் போகச் சொல்லி ஒரு பொலிஸ்காரரும் வரவில்லை. 2022 ஜனவரியில் புதிய ஏற்பாட்டின்கீழ் 50 ஆண்டுக் குத்தகையே கிடைத்தது.

ஏற்றத்தாழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் வருமானத்தை அளப்பார்கள், சொத்தை அளப்பார்கள். சீனன்குடாவில் வேறொன்றையும் அளக்க வேண்டியிருக்கிறது. எழுதப்படாத பத்திரம் ஒருவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னொருவருக்கு அதுவே வெளியேற்றக் கட்டளை. இந்தத் துறைமுகத்தைச் சுற்றி நூறு ஆண்டுகளில் எழுந்த எதிர்ப்புகளை இந்த இடத்திலிருந்து பார்த்தால், அவற்றின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரிகின்றன.

குதங்களில் தொடங்கலாம். 1920களின் நடுவிலிருந்து 1930கள் வரை பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்கு எண்ணெய் சேமிக்க இவற்றைக் கட்டியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீட்டர் கொள்ளும். இன்று எஞ்சியிருப்பவை 99. கடலை ஒட்டிய கீழ்த்தொகுதியில் ஒரு சிறு பங்கும், மேட்டுநிலக் காட்டுக்குள் மேல்தொகுதியில் பெரும்பங்குமாக 800 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, ஒரு விமானம் 91ஆம் இலக்கக் குதத்தின்மேல் விழுந்தது. தீ நாட்கணக்கில் எரிந்தது. உருகி வளைந்த இரும்புத் தகடுகள் பின்னும் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தன. மற்றக் குதங்களில் பெரும்பாலானவையோ அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாவனையின்றி, மரமும் கொடியும் சூழ நின்றன. போரும் காடும் கூட உடைக்காத அந்தக் கட்டுமானத்தின் உறுதிதான் அதன்மேல் எல்லோருக்கும் கண் விழக் காரணம்.

இலங்கையில் எண்ணெய் ஒரு காலத்தில் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்ற மூன்று நிறுவனங்களின் கையில் இருந்தது. சோவியத் ஒன்றியத்திலிருந்து மலிவாக எண்ணெய் கிடைக்கும் வழி திறந்தபோது 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது. அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன பொறுப்பில் இருந்தார். அடுத்த ஆண்டிலிருந்து நிரப்பு நிலையங்களும் களஞ்சியங்களும் அரசின் வசமாகின. நட்டஈடு தாமதமாகியதும் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அமெரிக்க நிறுவனங்களின் சொத்தை எடுத்துவிட்டு உரிய நட்டஈடு கொடுக்காத நாட்டுக்கு உதவி இல்லை என்று அந்நாட்டுச் சட்டத்தில் அதற்கு முந்திய ஆண்டுதான் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. 1965இல் ஆட்சி மாறியது. நிறுவனங்களோடு நட்டஈட்டுக்கு உடன்பாடு காணப்பட்டது. ஒரு சின்ன நாடு எண்ணெய் நிறுவனங்களின் இலாபத்தில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பெற்றோர் தலைமுறை கண்ணால் கண்டது. கூட்டுத்தாபனம் மட்டும் நிலைத்தது. தொழிற்சங்கங்கள் பிற்காலத்தில் காத்து நின்றது அந்தக் கூட்டுத்தாபனத்தைத்தான்.

எண்பதுகளின் முற்பகுதியில் குதங்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தது. இந்தியா அதை விரும்பவில்லை. 1987 ஜூலை 29ஆம் திகதி கையெழுத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களில், குதங்களைத் திருத்தி இயக்கும் வேலை இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக இருக்கும் என்று ஒரு வாசகம் வந்தது. தமிழருக்கு மாகாண சபை வாங்கித் தந்த உடன்படிக்கை என்றே நாங்கள் அதைப் பேசிப் பழகிவிட்டோம். அந்தக் கடிதங்களில் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களும் இருந்தன என்பதைத் தமிழ் அரசியல் போதிய அளவு நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தக் கடிதத்தின் நேர்ப் பிள்ளைதான் 2003ஆம் ஆண்டு உடன்பாடு.

அதில் சொன்ன வாடகை, 99 குதங்களுக்கும் சேர்த்து, ஆண்டுக்கு ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். பிரித்துப் பார்த்தால் ஒரு குதத்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் டொலரும் சொச்சமும், மாதத்துக்கு 85 டொலருக்கும் குறைவு. இயங்கியவை கீழ்த்தொகுதியின் பதினைந்து குதங்களே. மேல்தொகுதி காடாகவே கிடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழுதான குதங்களைத் திருத்தப் பெரும் முதல் வேண்டும் என்ற நிறுவனத்தின் வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் அந்த விலையை யார் நிர்ணயித்தார்கள், எந்த மதிப்பீட்டின்மேல் நிர்ணயித்தார்கள், திருகோணமலை மக்களுக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்விகள் கையெழுத்திடும் முன் எங்கும் பொதுவில் கேட்கப்படவில்லை. லங்கா ஐ.ஓ.சி.யின் தாய் நிறுவனம் இந்திய அரசின் உடைமை என்பதும் கவனிக்க வேண்டியது. இங்கே ஒரு தனி முதலாளியின் பேராசையைத் தேடினால் கிடைக்காது. அரசுகளே நிறுவனங்களின் உருவில் வருகின்றன. பேரம் இராஜதந்திரத்தின் பெயரில் நடக்கிறது. அதனால் பேரத்தை எதிர்ப்பவர் உடனே இன்னொரு நாட்டின் எதிரியாகச் சித்திரிக்கப்படுகிறார்.

2017 ஜூலையில் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கியபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. கோரிக்கைகள் மூன்று: அம்பாந்தோட்டைக் குதங்களைச் சீனாவுக்குக் கொடுக்காதே, திருகோணமலைக் குதங்களை இந்தியாவுக்குக் கொடுக்காதே, சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு ஆலையைப் புதுப்பி. இரண்டு நாளுக்குள் எரிபொருள் விநியோகம் அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கொலன்னாவையிலும் முத்துராஜவெலவிலும் இராணுவம் இறக்கப்பட்டது. பகிஷ்கரிப்பு 26ஆம் திகதி முடிந்தது. மூன்று நாள் கழித்து, ஜூலை 29இல், அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கையெழுத்தானது.

அந்தத் தொழிலாளர்களின் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். மூன்றாவது கோரிக்கையைப் பாருங்கள்: 1969இலிருந்து இயங்கும் ஒரு பழைய ஆலையைத் திருத்தச் சொல்கிறார்கள். பொதுச் சொத்தைப் பராமரிக்காமல் விட்டு, அது ஓடாய்த் தேய்ந்த பிறகு, இனி இதை வைத்திருக்க முடியாது என்று சொல்லிக் குத்தகைக்கு விடும் வழக்கத்தை அவர்கள் உள்ளிருந்தே அறிந்தவர்கள். ஆனால் அவர்களின் முழக்கத்தில் நாடு இருந்தது, ஊர் இருக்கவில்லை. குதங்கள் இலங்கைக்குச் சொந்தம், இந்தியாவுக்கு அல்ல என்றார்கள். அந்தக் குதங்களைச் சூழ வாழும் வெள்ளைமணல், கப்பல்துறை, கிண்ணியா மக்களுக்கு அவற்றில் ஏதும் உரித்து உண்டா என்று கேட்கவில்லை. தென்னிலங்கையில் கம்பனிகளுக்கு எதிரான போராட்டம் பல தடவை தேசப்பற்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அப்படி வரும்போது ஆட்சேர்க்க எளிதாகிறது. வடகிழக்குத் தமிழரும் முஸ்லிம்களும் ஒதுங்கி நிற்பதும் அதனால்தான்.

விரிகுடாவின் அக்கரையில் சம்பூரில் நடந்தது அந்த ஒதுக்கத்தின் காரணத்தை விளக்கும். 2006இல் போர் மீண்டும் மூண்டபோது சம்பூர் மக்கள் விரட்டப்பட்டார்கள். 2007இல் ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டில்களில் இருக்க, அவர்களுடைய காணியில் 818 ஏக்கர் 2012இல் முதலீட்டுச் சபையின்கீழ் கைத்தொழில் வலயமாக வர்த்தமானியில் ஏறியது. பக்கத்தில் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டன. போர் வெறுமையாக்கிய நிலம் முதலீட்டுக்கு ஆயத்தமான நிலமாகக் காட்டப்பட்டது. அந்த நிலத்தில் இருந்தவர்களிடம் உறுதிகள் இருந்தன. கோயில், பள்ளிக்கூடம், கிணறு எல்லாம் இருந்தன. உறுதி இருந்தவர்களையும் உறுதி காப்பாற்றவில்லை.

சம்பூர் மக்கள் மாற்றுக் காணிகளை ஏற்க மறுத்தார்கள். மழைக்கு ஒழுகும் கொட்டிலை விட்டு வேறெங்காவது ஒரு கல்வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசைகாட்டலை ஆண்டுக்கணக்கில் மறுத்திருப்பது எளிதான காரியமில்லை. பல்கலைக்கழகமோ தொழிற்சங்கமோ ஊடகமோ துணைக்கு இல்லாமல், குறிப்பாகப் பெண்கள், அந்த மறுப்பைத் தாங்கினார்கள். 2015 மே மாதம் அந்த 818 ஏக்கருக்கான வர்த்தமானி இரத்துச் செய்யப்பட்டது; அந்த ஆண்டிலிருந்து மீள்குடியேற்றம் நடந்தது. நிலக்கரிக்கு எதிரான இயக்கம் திருகோணமலை நகரத்திலும் வளர்ந்தது; சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2016 செப்டெம்பரில் அந்த மின்நிலையம் கட்டப்படாது என்று அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. இந்தத் துறைமுகப் பிரதேசத்தில் ஒரு பெருந்திட்டத்தை மக்கள் மறித்து நிறுத்திய மிகப் பெரிய வெற்றி அது. அது கொழும்பில் ஒரு மக்கள் வெற்றியாகக் கொண்டாடப்பட்டதில்லை.

பிறகு 2022 வந்தது. ஜனவரி 6ஆம் திகதி குதங்கள் புதிதாகப் பிரிக்கப்பட்டன: 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் 51 வீதம் கூட்டுத்தாபனத்தின் பங்கு. 2003ஐ விட இது நல்ல ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. ஆனால் கையெழுத்தாகி மூன்று மாதம் கடந்த சில நாட்களில், ஏப்ரல் 12இல், நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. நிரப்பு நிலையங்களில் வரிசை, வரிசையிலேயே மயங்கி விழுந்து இறந்த முதியவர்கள், காவலுக்கு இராணுவம். ஏப்ரல் 19இல் ஒரு லீட்டர் பெற்றோல் 338 ரூபா. அன்றைக்கே றம்புக்கணையில் விலையேற்றத்தை எதிர்த்து மறித்தவர்கள்மேல் பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். மே 24இல் 420. ஜூன் 26இல் 470. ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் எண்ணெய் கொள்ளும் குதங்கள் உள்ள மாவட்டத்தில் ஓட்டோக்காரர்கள் இரவிரவாக வரிசையில் படுத்திருந்தார்கள். வாங்க டொலர் இல்லாத நாட்டுக்குக் குதம் இருந்தும் பயனில்லை.

இந்தக் கரையோரத்துக்கு விழுந்த பெரிய அடி பெற்றோல் அல்ல, மண்ணெண்ணெய். மூதூரிலும் கிண்ணியாவிலும் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவோடு அதன் விலை லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது, ஒரே இரவில் நான்கு மடங்கு. ஒருநாள் தொழிலுக்கு இருபது லீட்டர் எரிக்கும் படகுக்கு 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800 ரூபாவாகிறது. மீன் படுகிறதோ இல்லையோ அந்தக் காசு கரையிலேயே போய்விட வேண்டும். மானிய விலை அரசுக்கு நட்டம் என்ற கணக்கு சரிதான். அந்த நட்டத்தை எந்தத் தோளில் இறக்குவது என்பது கணக்கல்ல, தீர்மானம். அந்தத் தீர்மானம் படகுக்காரர் தோளிலும், விளக்குக்கும் அடுப்புக்கும் மண்ணெண்ணெய் வாங்கும் தோட்டத் தொழிலாளர் தோளிலும் இறங்கியது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமானது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி அதன் பாரத்தைச் சுமந்தது. வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகள் தப்பின.

2011 செப்டெம்பரில் நியூயோர்க்கில் வோல் ஸ்ட்ரீட் பக்கத்துப் பூங்காவில் கூடாரம் அடித்தவர்கள், தங்களைத் தொண்ணூற்றொன்பது வீதத்தினர் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: பணம் கூடும் தெரு எதுவென்று அவர்களுக்குத் தெரியும், அங்கே நடந்து போகவும் முடிந்தது. 2022இல் கொழும்பு மக்களுக்கும் காலிமுகத்திடலும் ஜனாதிபதி செயலகமும் இருந்தன. திருகோணமலைக்கு அப்படி ஓர் இடம் ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது. மே 9இல் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச மறுநாள் இங்குள்ள கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டதும், தளத்தின் வாசலில் கூட்டம் திரண்டது. அதிகாரத்தில் இருந்தவர் அன்று மதிலுக்கு அப்பால் இருந்தார். மற்றபடி சீனன்குடாவைப் பற்றிய தீர்மானங்கள் கொழும்பிலும் புதுதில்லியிலும் எடுக்கப்படுகின்றன. எதிர்ப்பவர் போய் நிற்பதற்கு இருப்பது கச்சேரி வாசல் மட்டும். அங்கே உள்ளவர், எனக்கு மேலிடத்திலிருந்து வந்த கடிதம் இது என்று உண்மையாகவே சொல்லக்கூடியவர்.

முத்துநகர் விவசாயிகள் வந்து அமர்ந்தது அந்த வாசலில்தான். துறைமுக அதிகார சபை 1979இல் சட்டத்தால் உருவான அமைப்பு. விவசாயிகள் சொல்லும் கணக்குச் சரியானால், அதிகார சபை பிறக்கும் முன்னமே இங்கே வயல் இருந்தது. குளத்தையும் வயலையும் துறைமுக நிலம் என்று வகைப்படுத்திய வரைபடம் பின்னால் வந்தது. வயலுக்கு நீர் கொடுத்த சிறு குளங்களையும் மண்போட்டு மூடுகிறார்கள் என்பது அவர்களின் முறைப்பாடு. உலர் வலயத்தில் ஒரு குளத்தை மூடுவதென்றால் அதன் கீழுள்ள போகத்தையும், மாட்டுத் தண்ணீரையும், சுற்றுக் கிணறுகளின் ஊற்றையும் சேர்த்து மூடுவதாகும். நட்டஈட்டுப் பட்டியலில் இவற்றுக்கு நிரல் கிடையாது.

எண்ணெய், நிலக்கரி, இப்போது வெயில். சூரிய மின்சாரத்தை எதிர்க்க எனக்கு மனமில்லை. நிலக்கரி வேண்டாமென்று திருகோணமலை போராடியபோது கேட்டதே இதைத்தான். சம்பூரில் கைவிடப்பட்ட நிலக்கரித் திட்டத்தின் இடத்தில் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழாவும் நடந்தது. ஆனால் எரிபொருள் சுத்தமாகிவிட்டதால் காணி எடுக்கும் முறையும் சுத்தமாகிவிடாது. சூரியப் பலகைகளைப் போட வயலும் குளமும்தானா கிடைத்தது என்ற விவசாயிகளின் கேள்விக்குப் பதில் பொறியியலில் இல்லை. உறுதி இல்லாத காணி மலிவாகக் கிடைக்கும், வழக்குத் தொடுக்கவும் ஆளிருக்காது என்ற கணிப்பில் இருக்கிறது.

1987 உடன்படிக்கையை ஆயுதத்தோடு எதிர்த்ததும், திருகோணமலைக் குதங்கள் இந்தியாவுக்குப் போகக் கூடாது என்று பல ஆண்டுகள் மேடைமேடையாகப் பேசியதும் மக்கள் விடுதலை முன்னணி. 2024இல் அந்தக் கட்சியின் தலைவர் ஜனாதிபதியானார். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆட்சியில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டுச் செலாவணி வேண்டும்; அவர்களுடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. முத்துநகர் விவசாயிகள் கச்சேரி வாசலில் இருந்ததும் அதே ஆட்சியில்தான். கட்சிகள் மாறியும் மாறாமல் இருப்பது கையெழுத்திடும் முறை.

ஆகவே கோரிக்கையை அந்த முறையின்மேல் வைக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு கேட்கக்கூடியவை பல: முத்துநகரில் எந்தக் கம்பனிக்கு எத்தனை ஏக்கர், எத்தனை ஆண்டுக்கு, என்ன வாடகைக்கு, அந்த வாடகையில் ஒரு சதமாவது பட்டணமும் சூழலும் பிரதேசத்துக்கு வருகிறதா, 61 குதங்களின் கம்பனி இதுவரை என்ன செய்திருக்கிறது. கொழும்புத் தொழிற்சங்கங்களும் சம்பூர்ப் பெண்களும் முத்துநகர் விவசாயிகளும் கிண்ணியாப் படகுக்காரரும் இவற்றைத் தனித்தனியே கேட்டால் தனித்தனியே தட்டிக்கழிக்கப்படுவார்கள். பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் இன்னொரு தடவை குதங்களுக்காக இறங்கும்போது, அவர்களுடைய கோரிக்கைகளில் நான்காவதாக முத்துநகரின் வயலும் இருக்க வேண்டும். எரிசக்தி மையத்துக்கான விரிவான ஒப்பந்தமும், நாகப்பட்டினத்திலிருந்து திருகோணமலைக்கு வரப்போவதாகப் பேசப்படும் குழாய்வழியின் பாதையும் இனித்தான் எழுதப்பட இருக்கின்றன. அவை கையெழுத்தாகும் முன்னமே கப்பல்துறையிலும் வெள்ளைமணலிலும் மூதூரிலும் தமிழில் வாசிக்கக் கிடைக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் ஆட்சேபம் சொல்ல நாள் குறிக்கப்பட வேண்டும். அந்த ஆட்சேபங்களும் ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பதியப்பட வேண்டும்.